சைலன்சரில் தண்ணீர் வருதா? முதலில் ரேடியேட்டரைப் பாருங்க!



கறவை மாடு, ஆடு, தையல் மெஷின், கிரைண்டர் என்று கடன் வாங்கித் தொழில் செய்து வந்த நம் குழுக்களில் சில, இப்போது ஒன்றாகச் சேர்ந்து பழைய டீசல் வண்டி வாங்கி ஓட்டுகின்றன. தேங்காய், காய்கறி, தென்னை நார், செங்கல் என்று லோடு ஏற்றி, வரும் வாடகையில் தவணை கட்டுகிறார்கள். வண்டி நம் குழுவுடையது. கடன் நம் பேரில் இருக்கிறது. ஆனால் வண்டிக்குள் என்ன நடக்கிறது என்பது மட்டும் நமக்குத் தெரிவதில்லை. "அதெல்லாம் ஆம்பளைங்க சமாச்சாரமுங்க" என்று சொல்லி ஒதுங்கிக் கொள்கிறோம்.

அப்படி ஒதுங்கியதால் நம் கூட்டமைப்பில் ஒரு குழுவுக்கு வந்த சோதனையையும், அதிலிருந்து நாம் எல்லோரும் கற்றுக்கொண்டதையும் இந்த இதழில் எழுதுகிறோம். வண்டி இல்லாத குழுக்களும் படியுங்கள். உங்கள் வீட்டிலோ, பக்கத்து வீட்டிலோ ஒரு டீசல் வண்டி கட்டாயம் இருக்கும்.

நடந்தது என்ன?

சூலூர்ப் பக்கத்துக் குழு ஒன்று 15 வருஷத்துக்கு மேல் ஓடின வண்டி ஒன்றைக் கடன் வாங்கி எடுத்தது. விடிகாலையில் காய் ஏற்றிக்கொண்டு கோவை மார்க்கெட்டுக்குப் போகிற வண்டி. ஒரு மார்கழி மாதக் காலை, வண்டி ஸ்டார்ட் ஆனதும் சைலன்சரில் இருந்து வெள்ளைப் புகை வந்தது. குழாய் முனையில் இருந்து தண்ணீர் சொட்டுச் சொட்டாக விழுந்தது. பார்த்த பிரதிநிதிக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது.

பக்கத்தில் இருந்த ஒருவர், "ஹெட் போயிருச்சுங்க. இஞ்சினை இறக்கியே ஆகணும்" என்று சொல்லிவிட்டார். அவர் சொன்ன செலவு குழுவின் பல மாதத் தவணைக்குச் சமம். "இப்பவே வந்த விலைக்குத் தள்ளி விட்டுரலாம்" என்று இரண்டு பேர். "வித்தா கடன் பாதி கூட அடையாதே" என்று இரண்டு பேர். குழுவே இரண்டாகப் பிரிந்துவிடும் போல இருந்தது.

கூட்டத்தில் எல்லோரும் பேசி ஓய்ந்த பிறகு, பீளமேட்டில் ஒரு பவுண்டரியில் பல வருஷம் வேலை பார்த்த உறுப்பினர் அக்கா ஒருவர் மெதுவாகக் கேட்டார்: "ஏனுங்க, ரேடியேட்டர்ல தண்ணி குறையுதுங்களா?"

யாருக்கும் பதில் தெரியவில்லை. ஒருவரும் பார்க்கவே இல்லை!

அந்த ஒரு கேள்விதான் இந்தக் கட்டுரையின் சாரம். சைலன்சரில் வரும் தண்ணீருக்கு இரண்டு ஊற்று உண்டு. ஒன்று, டீசல் எரிவதால் தானாக உண்டாகும் தண்ணீர். அது எல்லா வண்டியிலும் வரும், கவலை வேண்டாம். இன்னொன்று, இஞ்சினைக் குளிர வைக்க ரேடியேட்டரில் ஊற்றிய தண்ணீர். அது சைலன்சர் வழியே வரக்கூடாது, வந்தால் ஆபத்து. இரண்டில் எது என்று தெரியாமல் இஞ்சினைப் பிரிக்கவும் கூடாது, "சும்மா பனித்தண்ணி" என்று விட்டுவிடவும் கூடாது.

டீசல் எரிந்தால் தண்ணீர் வருமா?

வரும். நம்புவதற்குக் கஷ்டமாக இருந்தால் உங்கள் கேஸ் அடுப்பைப் பாருங்கள். குளிர்ந்த பாத்திரத்தை அடுப்பில் வைத்துப் பற்ற வைத்தவுடன், பாத்திரத்தின் வெளிப்பக்கம் ஈரமாகப் பூத்து, சில நொடியில் மறைந்துவிடும். அந்த ஈரம் பாத்திரத்தில் இருந்து வரவில்லை. கேஸ் எரிந்ததால் உண்டான தண்ணீர் அது.

டீசலும் அப்படித்தான். டீசலில் உள்ள ஹைட்ரஜன், காற்றில் உள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து எரியும்போது தண்ணீர் ஆகிறது. ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது! வண்டி சூடாக ஓடும்போது இது கண்ணுக்குத் தெரியாத ஆவியாகப் போய்விடும். காலையில் சைலன்சர் சில்லென்று இருக்கும்போது, இட்லிப் பானை மூடியில் நீர் கோர்ப்பது போல, ஆவி குழாய்க்குள் கோர்த்துச் சொட்டுகிறது. மார்கழி, தை மாதக் குளிரில் அதிகமாகத் தெரியும். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்திலும் தெரியும்.

இதில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். டீசல் இஞ்சின் சும்மா நின்றபடி ஓடினால் சீக்கிரம் சூடேறாது. அதனால் வாசலில் அரை மணி நேரம் ஓட விட்டுப் பார்த்துவிட்டு, "இன்னும் சொட்டுதே" என்று முடிவு கட்டாதீர்கள். லோடோடு 20, 30 நிமிஷம் ரோட்டில் ஓட்டின பிறகு பாருங்கள். அப்போது சொட்டும் வெள்ளைப் புகையும் நின்றுவிட்டால் பெரும்பாலும் அது எரிந்த தண்ணீர்தான்.

மழைத் தண்ணீர், வாட்டர் சர்வீஸ் தண்ணீர் சைலன்சருக்குள் புகுந்திருந்தாலும் முதலில் சொட்டும், பிறகு காய்ந்துவிடும்.

ரேடியேட்டர் தண்ணீர் எப்படி உள்ளே போகிறது?

குக்கரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். கீழே பாத்திரம், மேலே மூடி, நடுவில் ரப்பர் கேஸ்கட். கேஸ்கட் நைந்துவிட்டால் ஆவி பக்கவாட்டில் பீச்சும். இஞ்சினிலும் அதே அமைப்புதான். கீழே இருப்பது பிளாக். மேலே மூடியாக இருப்பது சிலிண்டர் ஹெட். நடுவில் இருப்பது ஹெட் கேஸ்கட்.

சிலிண்டருக்குள் நெருப்பு. அதைச் சுற்றி இஞ்சினைக் குளிர வைக்கும் தண்ணீர் ஓடும் பாதை. நெருப்பையும் தண்ணீரையும் பிரித்து வைப்பது மெல்லிய அந்த கேஸ்கட்டும், ஹெட்டும், லைனரும்தான். டீசல் இஞ்சினில் தீப்பொறி வைக்கும் பிளக் கிடையாது. காற்றைப் பதினேழு, பதினெட்டில் ஒரு பங்காக அமுக்கி, அந்தச் சூட்டிலேயே டீசல் பற்றிக்கொள்கிறது. ஜெர்மனியில் ருடால்ஃப் டீசல் 1897-ல் ஓட்டிக் காட்டிய இஞ்சினில் இருந்து இன்று வரை இதுதான் வழி. இவ்வளவு அழுத்தத்தையும் அந்த கேஸ்கட் தாங்க வேண்டும்.

இஞ்சின் அளவுக்கு மீறிச் சூடானால் ஹெட் லேசாகக் கோணிக்கொள்ளும், அல்லது வெடிப்பு விழும். கேஸ்கட் எரிந்து ஓட்டை விழும். அப்போது இரண்டு காரியம் நடக்கும். இஞ்சின் ஓடும்போது சிலிண்டரில் உள்ள புகை தண்ணீர்ப் பாதைக்குள் புகுந்து ரேடியேட்டரில் குமிழி விடும். இஞ்சினை நிறுத்திய பிறகு, தண்ணீர் மெல்லச் சிலிண்டருக்குள் கசியும். ராத்திரி முழுக்கக் கசிந்த தண்ணீர், காலையில் ஸ்டார்ட் செய்ததும் வெள்ளை ஆவியாகக் கக்கும். வண்டி கொஞ்ச நேரம் ஒரு சிலிண்டர் அடிக்காமல் உதறி, பிறகு சரியாகும்.

பயப்பட வேண்டிய இடம் இதுதான். காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. சிலிண்டரில் தண்ணீர் நிறைந்திருக்கும்போது செல்ப் அடித்தால், மேலே வரும் பிஸ்டன் தண்ணீரில் முட்டி கனெக்டிங் ராடு வளைந்துவிடும். ஒரு கேஸ்கட்டோடு போக வேண்டிய செலவு, முழு இஞ்சின் செலவாகிவிடும். அதனால்தான் "ஓடுற வரைக்கும் ஓடட்டும்" என்று விடக்கூடாது.

மழைக்காலத்தில் அவினாசி ரோடு மேம்பாலத்துக்கு அடியிலும், லங்கா கார்னர் பாலத்துக்கு அடியிலும் தண்ணீர் தேங்குவது கோவைக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். அந்த மாதிரித் தண்ணீரில் வண்டி நின்றுவிட்டால், காற்று இழுக்கும் வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் போயிருக்கலாம். திரும்பத் திரும்ப செல்ப் அடிக்கவே கூடாது. வண்டியைத் தள்ளி மேட்டில் நிறுத்திவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

நாமே செய்யக்கூடிய ஆறு சோதனைகள்

இந்தச் சோதனைகளுக்குச் செலவு இல்லை. ஒரு டம்ளர், ஒரு வெள்ளைத் துணி, ஒரு நோட்டு போதும். ஆனால் முதலில் எச்சரிக்கை. இஞ்சின் சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. குக்கர் வெயிட்டை எடுத்தது போல் கொதி தண்ணீர் முகத்தில் அடிக்கும். ராத்திரி முழுக்க நின்று ஆறிய பிறகு, காலையில்தான் திறக்க வேண்டும். இஞ்சின் ஓடும்போது ஃபேன் பக்கம் போகக்கூடாது. சேலைத் தலைப்பை இடுப்பில் செருகி, பின்னலை முடிந்துகொள்ளுங்கள். மூடிய ஷெட்டுக்குள் இஞ்சினை ஓட விடாதீர்கள், அந்தப் புகை ஆளையே மயக்கிவிடும்.

1. டம்ளர் சோதனை. முக்கியமான சோதனை இதுதான். வண்டியைச் சமமான இடத்தில் நிறுத்துங்கள். காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன் ரேடியேட்டர் மூடியைத் திறந்து, தண்ணீர் எங்கே நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். தினமும் அந்த அளவு வர எத்தனை டம்ளர் ஊற்ற வேண்டியிருக்கிறது என்று நோட்டில் எழுதுங்கள். முதல் நாள் கழுத்து வரை ஊற்றியிருந்தால், சூட்டில் விரிந்து கொஞ்சம் வெளியே தள்ளும், அது கணக்கில் சேராது. அடுத்த மூன்று, நான்கு நாள் கணக்குதான் பேசும். தண்ணீர் குறையவே இல்லை என்றால், சைலன்சரில் சொட்டுவது எரிந்த தண்ணீர் என்று பெரும்பாலும் நம்பலாம்.

2. வெளியே ஒழுகுதா? தண்ணீர் குறைந்தால் உடனே ஹெட்டைச் சந்தேகப்பட வேண்டாம். ராத்திரி வண்டிக்கு அடியில் பழைய அட்டையோ, சிமெண்ட் பையோ விரித்து வையுங்கள். காலையில் ஈரம் இருக்கிறதா? ரேடியேட்டர், ஹோஸ் பைப், கிளிப், வாட்டர் பம்ப் ஆகிய இடங்களில் வெள்ளையாகவோ துருவாகவோ கோடு இறங்கியிருக்கிறதா? இங்கே ஒழுகினால் சின்ன வேலை. வெளியே ஒரு சொட்டும் இல்லை, ஆனால் தண்ணீர் தினமும் குறைகிறது என்றால், அது இஞ்சினுக்குள்தான் போகிறது.

3. துணிச் சோதனை. இஞ்சின் ஸ்டார்ட் ஆனதும், சைலன்சர் முனைக்கு ஒரு சாண் தள்ளி, குச்சியில் கட்டிய வெள்ளைத் துணியைப் பிடியுங்கள். வெறும் ஈரமும் கரியும் என்றால் அது நீராவி. எண்ணெய்ப் பிசுக்காக, மண்ணெண்ணெய் மாதிரி வாடை அடித்து, கண் எரிந்தால் அது தண்ணீரே இல்லை, எரியாத டீசல். நாசிலையும் டீசல் பம்பையும் பார்க்க வேண்டும். நீராவி காற்றில் சீக்கிரம் கலைந்துவிடும், டீசல் புகை அப்படியே சுற்றி நிற்கும். நீலப் புகை என்றால் இஞ்சின் ஆயில் எரிகிறது. கரும்புகை என்றால் காற்று போதவில்லை அல்லது டீசல் அதிகம்.

ரேடியேட்டரில் பச்சை அல்லது சிவப்பு நிறக் கூலன்ட் ஊற்றியிருந்தால் சோதனை இன்னும் எளிது. புகையில் இனிப்பான வாடை அடிக்கும். வெறும் தண்ணீர் ஊற்றிய வண்டியில் இந்த அடையாளம் கிடைக்காது. பலவகைக் கூலன்ட்டில் எத்திலீன் கிளைக்கால் என்ற விஷம் இருக்கிறது, அதன் ருசியும் இனிப்பு. குழந்தைகள், ஆடு மாடு, நாய் எட்டாத இடத்தில் வையுங்கள்.

4. ஆயில் கம்பி. ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவிப் பாருங்கள். ஆயில் கருப்பாக இருப்பது இயல்பு. பால் கலந்த டீ நிறத்தில் குழைந்து இருந்தாலோ, ஊற்றாமலே அளவு ஏறியிருந்தாலோ தண்ணீர் ஆயிலில் கலந்துவிட்டது. வண்டியை ஓட்டாதீர்கள், பேரிங் எல்லாம் போய்விடும். ஆயில் ஊற்றும் மூடிக்கு அடியில் மட்டும் கொஞ்சம் வெண்மையாக ஒட்டியிருந்தால், அது குளிர் காலத்தில் கிட்ட கிட்ட ஓடும் வண்டிக்கு வரும் ஈரமாக இருக்கலாம். இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆயில் சுத்தமாக இருப்பதால் மட்டும் கேஸ்கட் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம் இல்லை. தண்ணீர் ஆயிலில் கலக்காமல் நேரே சிலிண்டருக்குள்ளும் போகலாம்.

5. குமிழிச் சோதனை. டிரைவரை வைத்துச் செய்யுங்கள். ஆறிய இஞ்சினில் மூடியைத் திறந்து, பிறகு ஸ்டார்ட் செய்யச் சொல்லி, இரண்டடி தள்ளி நின்று ரேடியேட்டர் வாயைப் பாருங்கள். ஆரம்பத்தில் அடைந்திருந்த காற்று ஒன்றிரண்டு குமிழியாக வந்து நின்றுவிடும். நிற்காமல் குமிழி வந்துகொண்டே இருந்து, ஆக்சிலரேட்டர் கொடுத்தால் அதிகமானால், சிலிண்டர் புகை தண்ணீருக்குள் வருகிறது. இஞ்சின் சூடேறும் முன் சோதனையை முடித்து நிறுத்திவிடுங்கள்.

6. ஹோஸ் சோதனை. ஆறிய இஞ்சினை மூடி போட்டு ஒன்றிரண்டு நிமிஷம் ஓட்டி, நிறுத்திவிட்டு, ரேடியேட்டர் மேல் ஹோஸை அமுக்கிப் பாருங்கள். தண்ணீர் இன்னும் சூடே ஆகவில்லை, ஆனால் ஹோஸ் கல்லு மாதிரி இறுகியிருந்தால், உள்ளே புகையின் அழுத்தம் ஏறியிருக்கிறது.

தண்ணீர் குறைவது, வெளியே ஒழுக்கு இல்லாதது, சூடான பிறகும் வெள்ளை ஆவி நிற்காதது, குமிழி. இவை சேர்ந்து வந்தால் மட்டுமே ஹெட்டைப் பிரிப்பது பற்றிப் பேசலாம்.

நம் குழுவுக்கு என்ன ஆனது?

அந்தக் குழு நான்கு நாள் டம்ளர் கணக்கு எழுதியது. ஒரு டம்ளர் கூடக் குறையவில்லை. அரை மணி நேரம் லோடோடு ஓட்டிய பிறகு சொட்டும் நின்றது. ஆயில் சுத்தம். இஞ்சினை இறக்கவில்லை, வண்டியை விற்கவும் இல்லை. அந்த மாதத் தவணை வழக்கம் போலக் கட்டினார்கள்.

கதை அதோடு முடியவில்லை. அந்தச் சித்திரையில், குன்னூர் ரோட்டில் லோடோடு ஏறும்போது வண்டி கொதித்து நின்றது. டிரைவர் தம்பி தண்ணீர் ஊற்றி ஓட்டிவந்துவிட்டார். "திட்டுவாங்க" என்று பயந்து சொல்லவில்லை. தினமும் அவரே தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். சைலன்சரில் தண்ணீர் சொட்டியதை எல்லோரும் பார்த்தார்கள். "போன தடவையே ஒண்ணுமில்லைனு ஆச்சே" என்று விட்டுவிட்டார்கள்.

நோட்டை மறுபடியும் எடுத்தது அதே அக்காதான். முதல் நாள் இரண்டு டம்ளர். அடுத்த நாள் மூன்று. அதற்கடுத்த நாள் நாலு. வெளியே சொட்டு ஒழுக்கு இல்லை. குமிழி நிற்காமல் வந்தது. சித்திரை வெயிலில் காலையிலேயே வெள்ளை ஆவி வந்தால் அது குளிரால் இல்லை என்பதும் புரிந்தது. அன்றே வண்டியை ஓட்டாமல் நிறுத்தி, பீளமேட்டில் பட்டறை வைத்திருக்கும் மூத்த மெக்கானிக் ஒருவரிடம் நோட்டோடு போனார்கள். பிரித்துப் பார்த்ததில் இரண்டு சிலிண்டருக்கு நடுவே கேஸ்கட் எரிந்திருந்தது. ஹெட்டில் வெடிப்பு இல்லை. லேத்தில் ஹெட்டைச் சமமாக்கி, புது கேஸ்கட் போட்டதோடு முடிந்தது. இன்னும் பத்து நாள் விட்டிருந்தால் இஞ்சினே போயிருக்கும் என்றார் அவர்.

ஒரே வண்டி, ஒரே சைலன்சர், ஒரே மாதிரித் தண்ணீர். முதல் தடவை பயந்தது தப்பு, இரண்டாம் தடவை பயப்படாதது தப்பு. இரண்டு தடவையும் உண்மையைச் சொன்னது டம்ளர் கணக்குதான்.

பட்டறையில் என்ன கேட்க வேண்டும்?

மெக்கானிக் நமக்கு எதிரி இல்லை. நாம் கணக்கோடு போனால் அவருக்கும் வேலை எளிது. இவற்றைத் தயங்காமல் கேளுங்கள்.

• பிரிப்பதற்கு முன் ரேடியேட்டரில் கைப்பம்பு வைத்து அழுத்தச் சோதனை செய்ய முடியுமா? அழுத்தம் இறங்கினால் எங்கோ கசிகிறது என்று தெரியும்.
• ரேடியேட்டர் வாயில் வைத்துப் பார்க்கும் நீல நிறத் திரவச் சோதனை இருக்கிறதா? சிலிண்டர் புகை பட்டால் அதன் நிறம் மாறும்.
• நாசில்களைக் கழற்றி இஞ்சினைச் சுற்றினால் எந்தச் சிலிண்டரில் இருந்து தண்ணீர் தெறிக்கிறது?
• ஹெட்டைக் கழற்றினால், வெடிப்பும் கோணலும் பார்த்தீர்களா? பிளாக்கும் லைனரும் பார்த்தீர்களா?
• பழைய கேஸ்கட்டைக் காட்டுங்கள். எரிந்த இடம் கரிக்கோடாகத் தெரியும். மாற்றிய பழைய சாமான் எல்லாவற்றையும் கையில் வாங்கிக்கொள்ளுங்கள்.
• கழற்றிய கேஸ்கட்டைத் திரும்பப் போடக்கூடாது. போல்ட்டுகளைக் கம்பெனி சொன்ன வரிசையிலும் இறுக்கத்திலும், அளவு காட்டும் ஸ்பானரால் முடுக்கினார்களா?
• கடைசியாக, முக்கியமான கேள்வி: வண்டி ஏன் கொதித்தது? காரணத்தைச் சரி செய்யாமல் கேஸ்கட் மட்டும் மாற்றினால், புது கேஸ்கட்டும் எரியும்.

கொதிக்காமல் பார்த்துக்கொள்வது எப்படி?

நம் குழுவின் வண்டி கொதித்ததற்குக் காரணம் ரேடியேட்டரில் இருந்த உப்பு. போர்த் தண்ணீரையே ஊற்றி வந்திருக்கிறார்கள். நம் பக்கத்துப் போர்த் தண்ணீர் காய்ச்சும் பாத்திரத்தில் வெள்ளையாகப் படிவதைப் பார்த்திருப்பீர்கள். அதே படிவு ரேடியேட்டர் குழாய்களை அடைத்துவிடுகிறது. சிறுவாணி போன்ற உப்பு இல்லாத நல்ல தண்ணீர், மழைத் தண்ணீர், அதைவிட மேலாக உப்பு நீக்கிய தண்ணீரில் கலந்த கூலன்ட், இவற்றையே ஊற்றுங்கள்.

ரேடியேட்டர் மூடி சின்னச் சாமான்தான். ஆனால் குக்கர் வெயிட் போல, அழுத்தம் கொடுத்துத் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் காக்கிறது. மலை ஏற ஏறத் தண்ணீர் சீக்கிரம் கொதிக்கும். குன்னூர் உயரத்தில் திறந்த பாத்திரத் தண்ணீர் சுமார் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். ரப்பர் நைந்த மூடியோடு ஊட்டி லோடு ஏற்றக்கூடாது.

ஃபேன் பெல்ட் தொளதொளவென்று இருக்கக்கூடாது. தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓட்டும் வழக்கம் நம் பக்கம் உண்டு. அப்படிச் செய்தால் இஞ்சின் சூடேற நேரமாகும், காலை வெள்ளைப் புகை நீளும், தேய்மானம் கூடும். கெட்டிருந்தால் மாற்றுங்கள், எறிந்துவிடாதீர்கள்.

வண்டி கொதித்துவிட்டால் ஓரம் கட்டி நிறுத்துங்கள். ஆறும் வரை காத்திருங்கள். கொதிக்கும் இஞ்சினில் பச்சைத் தண்ணீரை ஊற்றினால், சூடான கண்ணாடி டம்ளரில் ஐஸ் தண்ணீர் ஊற்றியது போல் ஹெட் வெடித்துவிடும்.

எட்டு வருஷம் தாண்டின லோடு வண்டிக்கு வருஷா வருஷம் எப்.சி. எடுக்க வேண்டும். அதற்குப் போகும் முன் இந்தச் சோதனைகளை ஒரு தடவை செய்துவிடுங்கள். கடைசி நேரத்தில் அவசர வேலை செய்தால் செலவு இரட்டிப்பு. இங்கே சொன்னவை பழைய வண்டிகளுக்கானவை. புது மாதிரி வண்டிகளில் புகையைக் குளிர வைக்கும் தனிக் கூலரும் உண்டு. அதில் ஓட்டை விழுந்தாலும் சைலன்சரில் தண்ணீர் வரும். அதையும் பார்க்கச் சொல்ல வேண்டும்.

"நமக்கு இதெல்லாம் புரியுமாக்கா?"

கூட்டத்தில் இதைச் சொன்னபோது ஒரு சகோதரி கேட்ட கேள்வி இது. புரியும். பீளமேட்டைச் சுற்றி பம்ப்பும் கிரைண்டரும் மோட்டாரும் செய்யும் பட்டறைகளில் எத்தனை பெண்கள் காயில் சுற்றுகிறார்கள்! நம் ஊர் ஜி.டி. நாயுடு பள்ளிப் படிப்பை முடிக்காதவர். மோட்டார் சைக்கிளைப் பிரித்துப் பார்த்துக் கற்றுக்கொண்டு, 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே ஒரே ஒரு பஸ் விட்டுத் தொடங்கியவர்.

நாம் இஞ்சினைப் பிரிக்கப் போவதில்லை. நம் பணம் எங்கே போகிறது என்று பார்க்கப் போகிறோம். சந்தா, உள்கடன், வட்டி என்று பைசா பிசகாமல் எழுதும் நமக்கு, டம்ளர் கணக்கு எழுதுவது கஷ்டமா?

குழுக்கள் செய்ய வேண்டியது

• வண்டிக்கு என்று தனி நோட்டு போடுங்கள். தேதி, ஓடிய கிலோமீட்டர், ஊற்றிய தண்ணீர், ஆயில், டீசல். வாரம் ஒரு உறுப்பினர் முறை வைத்து எழுதுங்கள்.
• டிரைவரைத் திட்டாதீர்கள். வண்டி கொதித்தால் மறைக்காமல் சொல்லும்படி தைரியம் கொடுங்கள். மறைத்த ஒரு நாளுக்கு ஒரு தவணை போகும்.
• வண்டியைப் பிரிக்கும் வேலை என்றால் தீர்மானம் போட்ட பிறகே செய்யுங்கள். தீர்மானத்தில் என்ன சோதனை செய்தோம் என்று எழுதுங்கள்.
• பழைய வண்டி வாங்கப் போகும் குழுக்கள் விடிகாலையில் போய், ஆறிய இஞ்சினைத் தாங்களே ஸ்டார்ட் செய்யச் சொல்லிப் பாருங்கள். ஏற்கெனவே சூடாக்கி வைத்திருந்தால், இன்னொரு நாள் வருகிறோம் என்று திரும்பிவிடுங்கள்.

இந்தக் கட்டுரையை அடுத்த கூட்டத்தில் படிக்கத் தெரிந்த ஒருவர் மற்றவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள். முடித்ததும் வண்டி நிற்கும் இடத்துக்கு எல்லோரும் போய், இதுதான் ரேடியேட்டர், இதுதான் ஆயில் கம்பி, இதுதான் சைலன்சர் என்று தொட்டுப் பார்த்துவிட்டு வாருங்கள். வண்டி ஆறியிருக்கும்போது மட்டும்!